ஆலோசனைப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைன் இன்சார்ஜாக இருக்கிறேன். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ஆனாலும் ஓராண்டில் என் லைனிலிருந்து மட்டும் ஒன்பது பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்களும் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்க்கிறார்கள். ஆலோசனைப் பெட்டி வைத்தோம். நான்கு மாதமாக ஒரு சீட்டுகூட விழவில்லை. கருத்துக் கேட்புப் படிவம் கொடுத்தால் எல்லாரும் ‘நன்று’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். “ஆளுங்களே சரியில்லை, புது ஆளாகப் பார்க்கலாம்” என்கிறார் மேனேஜர். அவர் சொல்வது சரிதானா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. தயங்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்களை மாற்றாமல் நடத்தும் முறையை மட்டும் மாற்றிப் பார்த்த தொழிற்சாலை ஒன்று இருந்தது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களெல்லாம் அங்கே உண்டு. 1982இல் அதை மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தில் ‘நும்மி’ என்ற பெயரில் திறந்தபோது, முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பழைய தொழிலாளர்கள்தான். தொழிற்சங்கமும் பழையதே. கொஞ்ச காலத்திலேயே ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள், காரின் தரமும் நன்றாக உயர்ந்தது.

மாறியவை பல. எனக்கு முக்கியமாகப் படுவது, லைன் ஓரமாகப் போன ஒரு கயிறு. பழுது கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். டீம் லீடர் ஓடிவருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். லைனை நிறுத்துவதே குற்றம் என்று பழகிய மனிதர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். வேலை அங்கே லேசாகிவிடவில்லை. வேகம் தாங்க முடியவில்லை என்று எதிர்த்துப் பேசிய தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆனால் தவறைச் சொன்னவனைத் தேடிவந்து உதவினார்கள்.

நானும் எழுத வருவதற்கு முன் மூன்று ஆண்டு லேத் ஓட்டியவன். ஒருநாள் ஸ்பிண்டில் பக்கமிருந்து சத்தம் வேறு மாதிரி கேட்டது. தினமும் அதன் பக்கத்திலேயே நிற்பவனுக்கு, பேரிங் போகப்போகிறது என்பது காதிலேயே தெரிந்துவிடும். சூப்பர்வைசரிடம் சொன்னேன். “நீ டார்கெட்டைப் பாரு” என்றார். இரண்டு நாளில் மெஷின் நின்றது. ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று கேட்டு மெமோ எனக்கு வந்தது! அப்புறம் அந்த ஷெட்டில் என்ன சத்தம் கேட்டாலும் நான் வாய் திறந்ததில்லை. பக்கத்து மெஷின்காரர்களும் திறக்கவில்லை. எனக்கு நடந்ததைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது வலிக்கிறது. கைத்தொழில்மீது எனக்கிருந்த பெருமை அந்த ஒரு காகிதத்தோடு போயிற்று.

உங்கள் பெட்டி காலியாக இருப்பதற்கும் இப்படி ஏதாவது பழைய மெமோ காரணமாக இருக்கும். நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பேகூட அது நடந்திருக்கலாம். தொழிற்சாலையில் இந்த மாதிரிக் கதைகள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறும். புதிதாக வருகிறவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார். காண்ட்ராக்ட் ஆட்கள் இன்னும் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள், நாளை வேலை உண்டா என்பதே அவர்களுக்கு நிச்சயமில்லையே.

படிவத்தை விட்டுவிடுங்கள். சிகாகோ பக்கம் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை சுமார் 20,000 தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். தொழிலாளர்களோ பட்டியலில் இல்லாததைப் பேசவே விரும்பினார்கள். கடைசியில் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவர்கள் போக்கில் பேசவிட்டுக் கேட்டார்கள்.

உங்களால் முடிந்தது உங்கள் லைன் மட்டும்தான், சரி. ஷிஃப்ட் மாறும்போது, “இன்னைக்கு எது இடைஞ்சலா இருந்தது?” என்று ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது சின்ன விஷயமாக இருக்கும்: பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக் தேய்ந்திருப்பது, எட்டாத உயரத்தில் வைத்த ட்ரே, எரியாத விளக்கு. அதை அந்த வாரத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இன்னொருவரிடம் கேளுங்கள்.

அதோடு, விட்டுப்போன ஒன்பது பேரில் இரண்டு பேரையாவது போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுக்கு இனி மெமோ பயம் இல்லை, உள்ளதைச் சொல்வார்கள். அதில் உங்கள் பெயரும் வரலாம். வந்தால் மறுத்துப் பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.