கல்லைப் பாக்கறதா, வெண்கலத்தைப் பாக்கறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) மியூசியத்துல ஊதாவும் மஞ்சளும் வரிவரியா ஓடுற ஒரு கல் ஜாடி பாத்தேன் சார், கைப்பிடி, மாலை எல்லாம் தங்க கலர். கல்லுக்கு சாயம் ஏத்தியிருப்பாங்களா?
- வாசகி, திருச்சி

பதில்: சாயம் இல்லம்மா, கல்லோட கலரே அதான். ப்ளூ ஜான்னு பேரு, இங்கிலாந்துல டெர்பிஷயர்ல காசில்டன் ஊர் மலைல வெட்டி எடுக்கறது. பாக்கத்தான் ஜோர், கத்தி பட்டாலே கீறல் விழும், கடையும்போதே உதிரும், அதனால சூடாக்கி பிசின் ஏத்தி இறுக்கிட்டுதான் கடைசல்ல வைப்பாங்க. இதை தங்க முலாம் பூசின வெண்கலத்தோட சேத்து பெருசா பண்ணவர் பர்மிங்காம் மேத்யூ போல்டன், ஆமா, ஜேம்ஸ் வாட் கூட கூட்டு சேந்து நீராவி இன்ஜின் வித்தாரே அவரேதான். 1768ல மொத்த சுரங்கத்தையும் குத்தகைக்கு எடுக்க முடியுமான்னு விசாரிச்சவரு மனுஷன்! சில ஜாடில மூடியத் தூக்கி தலைகீழா கவுத்தா அதுவே மெழுகுவத்தி ஸ்டாண்டு, அடுத்த தடவை போனா மூடிக்கு அடிப்பக்கம் பாருங்க. மூணாம் ஜார்ஜ் ராஜாவே வாங்கினாரு, ஆனா காசு மட்டும் நிக்கல, 1772 கிறிஸ்டீஸ் ஏலத்துல நிறைய பீஸ் விக்காமலே திரும்பிடுச்சு.

கேள்வி: இந்த மாதிரி ஜாடிங்கள்ல வெண்கலத்து மேல இருக்கற தங்கம் நிஜ தங்கமா, பெயின்டா?
- வாசகர், மதுரை

பதில்: நிஜம்தான், ஆனா மேலாப்புல மட்டும். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சு வெண்ணெய் மாதிரி ஆக்கி வெண்கலத்து மேல தடவி கரி நெருப்புல காட்டுவாங்க, பாதரசம் ஆவியா போயிடும், தங்கம் பிடிச்சு நின்னுடும். அந்த ஆவிய சுவாசிச்ச தொழிலாளிங்க கை நடுக்கம் வந்து சீக்கிரமே போய் சேந்தாங்க, இதை யாரும் கண்ணாடிப் பெட்டி பக்கத்துல எழுதி வைக்கறதில்ல. அப்புறம் அகேட் கல்லால தேச்சா பளபளப்பு, தேய்க்காம விட்ட இடம் மங்கலா நிக்கும், ரெண்டும் பக்கத்து பக்கத்துல வரும்போதுதான் இலை இலையாவும் பழம் பழமாவும் தெரியும். இந்த மங்கல் வேலைல கில்லாடி பாரிஸ் பியர் கூத்தியேர். அவர் செஞ்ச ஒரு தூபக்கிண்ணம், சிவப்பு ஜாஸ்பர் கல், ஆட்டுக்கால் வெச்ச முக்காலி, நடுவுல சுருண்ட பாம்பு, 1782 ஏலத்துல பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட் 12,000 லிவ்ருக்கு (அந்தக் கால பிரெஞ்சுக் காசு) எடுத்தாங்க, இப்ப லண்டன் வாலஸ் கலெக்‌ஷன்ல ஃப்ரீயா பாக்கலாம். செஞ்சவரு திவாலாகி 1813ல வறுமைல செத்தாரு. என்னைக் கேட்டா கல்லு கடைசல்காரன் சாமர்த்தியம், ஆனா பீஸோட உசுரு வெண்கலத்துலதான்.

கேள்வி: ரஷ்யாவுல ஹெர்மிடேஜ் மியூசியத்துல ஆளுயர பச்சை மலக்கைட் ஜாடி முழுசா ஒரே கல்லா?
- வாசகர், கோவை

பதில்: இல்லவே இல்ல. சில மில்லிமீட்டர் கனத்துக்கு சீவி, வரி வரியோட சேருற மாதிரி ஒட்டி, இடுக்குல மலக்கைட் பொடியும் பிசினும் கலந்து அடைப்பாங்க, உள்ள வேற கல்லோ உலோகமோதான். நிஜமாவே கல்லக் குடைஞ்சு செஞ்சது வேணும்னா அங்கயே கோலிவான் ஜாடி இருக்கு, பச்சை ஜாஸ்பர், 19 டன் எடை, 1843ல முடிச்சது.

கேள்வி: தாத்தா வெளிநாட்டுலேந்து கொண்டுவந்த முலாம் பூசின பழைய கடிகாரம் கருத்துப் போச்சு, புளி போட்டு தேய்க்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஐயோ வேணாம்மா! முலாம் ரொம்ப மெல்லிசு, புளி, எலுமிச்சை, விபூதி எதுவும் ஆகாது, ஒருதரம் போச்சுன்னா போச்சு. சாஃப்ட் பிரஷ்ஷால தூசிய மட்டும் தட்டுங்க, மிச்சத்த மியூசியம் பொருள் சரி பண்றவங்க யாராவது பாத்து சொல்லட்டும்.