திங்கட்கிழமை ஆபீஸ் போனால்தான் உட்காருகிறேன்!
வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. ஒரு வாரத் துணி, மாவு அரைப்பது, கறிச் சமையல், பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல் எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஏதாவது ஒரு விசேஷ வீடு. திங்கட்கிழமை ஆபீஸ் போனால்தான் உட்காருகிறேன். நடுவில் கொஞ்சம் படுத்தால் ஏதோ தப்புப் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது, அக்கா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: திங்கட்கிழமை ஆபீஸ் போனால்தான் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, தங்கச்சி, அதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. உன் உடம்பில் கோளாறு இல்லை. உன் ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது இதில் சேரவில்லை, அதற்குத் தனிக் கணக்கு. நீ ஆறு நாள் கம்பெனிக்கும் போய்வருகிறாய். அப்படியிருக்க, படுத்தால் தப்பு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நான் வேலை பார்த்த வார்டுகளில் நைட் டூட்டி முடித்தவருக்கு நைட் ஆஃப் உண்டு. டூட்டி லிஸ்டிலேயே எழுதியிருக்கும். அவர் தூங்குவதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர் வேலையை அன்றைக்கு யார் பார்ப்பது என்று பக்கத்திலேயே இன்னொரு பெயர் இருக்கும். உன் வீட்டிலும் அதுதான் தேவை. "எனக்கு ரெஸ்ட் வேணும்" என்று பொதுவாகச் சொன்னால், "எடுத்துக்கோயேன், யார் வேண்டாம்னா?" என்பார்கள். மதியம் கறி கொதிக்கிற அடுப்பு முன்னால் நீதான் நிற்பாய். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரரை உட்காரவைத்து, எந்த வேலை யாருடையது என்று ஒரு தாளில் எழுது.

முதலில் கறி. ஞாயிற்றுக்கிழமையின் பெரிய வேலை அதுதான். வாங்கிவருவது மட்டும் அவர் பங்கு என்று இருக்கவேண்டாம். கழுவி, வெங்காயம் உரித்து, சமைத்து, பாத்திரம் தேய்த்துவைக்கும் வரை அவருடையதாகட்டும். முதல் இரண்டு வாரம் உப்பு கூடக் குறைய இருக்கும். அடுப்படிக்குள் போகாதே. போனால் வேலை உன்னிடமே திரும்பிவிடும். மாவை வாரத்தில் ஒரு நாள் ராத்திரிக்கு மாற்றலாம், இல்லாவிட்டால் கடையில் வாங்கலாம். பத்து வயதுப் பிள்ளை தன் துணியைத் தானே மடித்துவைக்கும். விசேஷ வீட்டுக்குக் குடும்பமே போகவேண்டும் என்பதில்லை. மொய் எழுத ஒருவர் போதும். நெருங்கிய சொந்தம் என்றால் மட்டும் நீயும் போ.

அப்புறம் போன். ஷிப்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது ஓய்வில் சேராது. ஜெர்மனியைச் சேர்ந்த சபீனே சோனென்டாக் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் சேர்ந்து ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007-ல் எழுதிய ஆய்வில், களைப்பிலிருந்து மீள்வதற்கான அனுபவங்களில் ஒன்றாக, மனசு வேலையிலிருந்து விலகியிருப்பதைச் சொல்கிறார்கள். உடம்பு கட்டிலில் கிடந்தாலும் மனசு பேக்கிங் செக்‌ஷனில் நின்றால் திங்கட்கிழமை அதே அசதிதான். உங்கள் பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், ஐரோப்பாவில் இருந்தால் சனி, ஞாயிறு அவர் ஆபீஸே மூடியிருக்கும். ஞாயிறு வருகிற மெசேஜ் எல்லாம் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து வருகிறவைதான். சனி ராத்திரி குரூப்பை மியூட்டில் போடு. நிஜமாகவே அவசரம் என்றால் போன் பண்ணுவார்கள்.

கிடைக்கிற நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்காதே. திண்ணையில் உட்கார், தூங்கு, அம்மாவிடம் வெட்டிப்பேச்சுப் பேசு. தப்புப் பண்ணுகிற மாதிரியான அந்த எண்ணம் உடனே போகாது. அது இருக்கும்போதே படுத்துக்கொள், தங்கச்சி. நாள் போகப்போகக் குறையும்.

கேள்வி: வயது 28, ஐடி வேலை. சனி, ஞாயிறு மதியம் 12 மணி வரை தூங்குகிறேன். ஆனாலும் ஞாயிறு ராத்திரி தூக்கம் வருவதில்லை. திங்கள் முழுக்கத் தலை பாரமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, வாரநாளில் நீங்கள் 7 மணி நேரமாவது தூங்குகிறீர்களா? அதை எழுதவில்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு தேவை. ஐந்து நாள் குறைத்துவிட்டு, இரண்டு நாளில் மொத்தமாகச் சரிக்கட்ட முடியாது.

விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதுதான் ராத்திரி தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நீங்கள் 12 மணிக்கு எழுந்தால் ராத்திரி 11 மணிக்குள் அது போதுமான அளவு சேர்ந்திருக்காது. உடம்புக் கடிகாரமும் இரண்டு நாளில் பின்னால் தள்ளிப்போயிருக்கும். தூர தேசத்துக்கு விமானத்தில் போனால் வருகிற தூக்கக் குழப்பத்தை ஜெட் லேக் என்பார்கள். விமானத்தில் எங்கும் போகாமலே உங்களுக்கு அது வந்துவிடுகிறது. டில் ரோனபெர்க் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2006-ல் இதற்குச் சோஷியல் ஜெட்லேக் என்றே பெயர் வைத்தார்கள்.

லீவு நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடத் தூங்குங்கள், அதற்குமேல் வேண்டாம். எழுந்ததும் மொட்டைமாடி வெளிச்சத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அசதியாக இருந்தால் மதியம் 3 மணிக்கு முன்னால் அரை மணி நேரத்துக்குள் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். காப்பி குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் கஃபீனில் பாதியளவு உடம்பில் இருக்கும். அதனால் சாயங்காலக் காப்பியை விட்டுப் பாருங்கள். பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொன்னால் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. ஞாயிறு லீவு வெள்ளைக்காரன் கொடுத்தது என்று பேரன் சொல்கிறான். சரியா, அம்மா?
– வாசகர், கோவை

பதில்: ஐயா, பாதிதான் சரி. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலகங்களுக்கு ஞாயிறு லீவு இருந்தது. மில் தொழிலாளிக்கு யாரும் தானாகக் கொடுக்கவில்லை. சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேவின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாயில் மில் தொழிலாளர்களைத் திரட்டி 1884 முதல் இதைக் கேட்டார். 1890 ஜூன் 10-ல்தான் முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலும் வார விடுமுறை கட்டாயம் என்று இருந்தது. லோகண்டேவுக்கு 2005-ல் தபால்தலையும் வந்திருக்கிறது, பேரனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மில் காலத்து லீவு நாள் எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், ஐயா.