எரிமலைக் குவிமாடம் நகர்வதால்தான் நிலம் அதிர்கிறதா?

எரிமலை சீறும் காலத்தில் அதன் குவிமாடம் (எரிமலை வாயில் பிதுங்கி வந்து குவியும் பாறை மேடு) நகர்வதற்கும் தொடர்ந்து வரும் சிறு நிலநடுக்கங்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 2004 முதல் 2008 வரை இதைக் கண்முன் காட்டியது.

அங்கே குவிமாடமாக வெளிவந்தது ஓடும் எரிமலைக் குழம்பு அல்ல. ஏறும் வழியிலேயே வாயுவை இழந்து இறுகிவிட்ட பாறை. திமிங்கலத்தின் முதுகு போன்ற அந்தப் பாறை நாளுக்குச் சில மீட்டர் வீதம் மேலே தள்ளப்பட்டது. எரிமலைக் குழாயின் சுவரோடு உராய்ந்து சிக்கும், கீழே அழுத்தம் சேரும், பிறகு சட்டென்று சில மில்லிமீட்டர் வழுக்கும். கனமான பீரோவைத் தரையில் தள்ளினால் அது விட்டுவிட்டு அதிர்ந்து நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஒவ்வொரு வழுக்கலும் ஒரு சிறு நடுக்கம். ஓரிரு நிமிடத்துக்கு ஒன்றாக, வியப்பூட்டும் சீரோடு வந்ததால் அவற்றுக்கு 'முரசடி நிலநடுக்கங்கள்' என்றே பெயர் வந்தது.

நீராவி நிறைந்த விரிசல் அதிர்வதே காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் வெளிவந்த பாறையின் மேல் படிந்திருந்த அரைபட்ட கல்மாவும், இழுபட்ட கீறல்களும் உராய்வுக்கே வலுவான சாட்சி என்பது என் கருத்து.