முழுசாக வளர்ந்த குஞ்சு முட்டைக்குள்ளேயே சாவது ஏன்?

கேள்வி: ஐயா, தாராபுரம் பக்கம் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சின்ன இன்குபேட்டரில் 60 முட்டை வைத்தேன். எச்சம் ஒட்டியிருந்ததால் எல்லாவற்றையும் தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன். அதில் பத்துப் பதினைந்து பழைய முட்டைகள். கெடாமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன், காற்றுத் துளைகளையும் துணியால் அடைத்தேன். எண்ணெய் தடவியதில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மற்றதில் பாதியை உடைத்துப் பார்த்தால் முழுக் குஞ்சு, சொதசொதவென்று தண்ணீரோடு செத்துக் கிடக்கிறது. வெயில் காலத்தில் ஓடும் மெலிசாகி, எடுக்கும்போதே நொறுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: "சொதசொதவென்று தண்ணீரோடு" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் முட்டைகள் குறைய வேண்டிய அளவுக்கு எடை குறையவில்லை.

முட்டை ஓட்டில் நூற்றுக்கு 94, 95 பங்கு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லிலும் கிளிஞ்சலிலும் இருப்பது இதேதான். ஓட்டுத் துண்டு ஒன்றை வினிகரில் போட்டு வைத்தால் நுரைத்துக் கரைந்துபோய், உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்வு மட்டும் மிஞ்சும். ஓட்டின் கனம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சுண்ணாம்புப் படிகங்கள் நெருக்கி வளரும்போது நடுவே விட்டுப்போகும் சந்துகள்தான் துளைகள். ஒரு கோழி முட்டையில் சுமார் 10,000 இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முட்டையை வேக வைக்கும்போது அகன்ற முனையிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, துளைகளும் அங்கேதான் அதிகம். அடை வைக்கும்போது அந்த முனை மேலே இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

கடைசி இரண்டு நாள் வரைக்கும் குஞ்சுக்கு நுரையீரல் மூச்சு கிடையாது. ஓட்டை ஒட்டி உள்ளே படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 60 கிராம் முட்டை ஒன்றுக்கு 21 நாளில் ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது; நாலரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடும் 11 லிட்டர் நீராவியும் வெளியே வருகின்றன. எதுவும் உறிஞ்சவோ தள்ளவோ இல்லை. எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகக் கசிகிறது, அவ்வளவுதான். வெளியே ஈரம் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்?

போயே ஆக வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கரு, மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பை எரித்து வளர்கிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீர் புதிதாக உண்டாகும். அது வெளியேறினால்தான் காற்றறை பெரிதாகும். 19, 20ஆம் நாளில் குஞ்சு சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சு விடுகிறது. அறை சிறுத்து, சுற்றிலும் தண்ணீராக இருந்தால் அங்கேயே திணறிப் போகும். உங்களுக்கு நடந்தது இதுதான். காற்றுத் துளைகளை அடைத்தது இன்னும் மோசம். ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவைப்படுவதே கடைசி நாட்களில்தான்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். சாப்பிடும் முட்டைக்கு எண்ணெய் பூசுவது நல்ல முறை. துளை அடைபட்டு, கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் வெளியேறாமல் வெள்ளைக்கரு நீர்த்துப்போகாது. அடை முட்டைக்கு அதே எண்ணெய் எமன். அமெரிக்காவில் கனடா கூஸ் என்னும் பெரிய வாத்தினம் பெருகாமல் இருக்க, கூட்டிலுள்ள முட்டைகளில் சோள எண்ணெய் பூசுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கழுவுவதையும் விடுங்கள். முட்டையின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. கிருமி நுழையாமல் காப்பது அது. கழுவித் துடைத்தால் போய்விடும். முட்டையைவிடத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கைத் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் மெதுவாகச் சுரண்டலாம். எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடும் இடத்தில் தினமும் வைக்கோல் மாற்றினால் இந்த வேலையே இருக்காது.

சரி, அடுத்த முறை எப்படி? பத்து முட்டைக்குப் பென்சிலால் அடையாளமிட்டு, சமையலறைத் தராசில் மொத்தமாக எடை போடுங்கள். ஈரப்பத மீட்டர் பொய் சொல்லும், தராசு அவ்வளவாகச் சொல்லாது. 18ஆம் நாளுக்குள் 12 சதவீதம் குறைய வேண்டும். 450 கிராம் இருந்தால், ஏழாம் நாள் 430க்குப் பக்கத்திலும் 18ஆம் நாள் 396க்குப் பக்கத்திலும் வர வேண்டும். குறைவது போதவில்லை என்றால் தண்ணீர்த் தட்டைச் சிறிதாக்குங்கள். ரொம்பக் குறைந்தால் பெரிதாக்குங்கள். 50 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் தொடங்கலாம். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் 65, 70க்கு ஏற்றுங்கள், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டாமல் இருக்கும். துணியை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வெயில் கால ஓடு. ஓட்டிலுள்ள கார்பனேட் கோழியின் ரத்தத்தில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது அது மூச்சோடு வெளியே போய்விடும். தீவனமும் குறைவாகத் தின்னும். ஓடு மெலிசாகாமல் என்ன செய்யும்? நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதல் மருந்து. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது, அதனால் கிளிஞ்சலைச் சாயந்திரம் வையுங்கள். மாவாக இல்லாமல் குருணையாக இருந்தால் இரைப்பையில் தங்கி விடியும்வரை மெல்லக் கரையும். மெலிசான ஓட்டு முட்டை நீரையும் வேகமாக இழக்கும் என்பதால், அவற்றை இன்குபேட்டரில் வைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.