வாளியில் பிடித்த காற்று

அன்புள்ள அக்கா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தை பிறந்ததிலிருந்து நிறுத்திவிட்டார். புதுச்சேரியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு உடல்நல வகுப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர் அவரை அழைத்துப் போனார். அங்கே, சர்க்கரை என்பது நோயே இல்லை, மருந்து கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்கிறார்கள். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்களாம். சாப்பாட்டையும் மருந்தையும் கையில் வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டிவைக்கும் ஒரு ரகசியக் கூட்டம் இருக்கிறதாம். வள்ளலாரே மருந்து வேண்டாம், கீரை போதும் என்றாராம். மாதம் 3,500 ரூபாய்க்கு அவர்களிடம் பொடி வாங்குகிறோம்.

நான் வேதியியல் படித்தவன். முழுதாக நம்பவில்லை. ஆனால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை. அம்மாவின் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியது. ராத்திரியில் மூச்சு முட்டுகிறது, கண் எரிகிறது என்று ஊரே சொன்னபோதெல்லாம் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொன்ன அதிகாரிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே அரசாங்கம்தானே அரிசியும் மாத்திரையும் தருகிறது? எதை வைத்து நம்புவது?

அப்பாவின் குதிகாலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. கேட்டால், உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது என்கிறார். உண்மையிலேயே அப்படி ஒரு மறைந்த அதிகாரம் இருக்கிறதா அக்கா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

புண்ணைப் பற்றி உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இன்னும் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் ஆறாத புண் இருந்தால் நாள் பார்க்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது. ரத்த ஓட்டம் குறைவதால் சதை வளர்ந்து புண் மூடாது. வலி இல்லை என்று விட்டால் கிருமி எலும்பு வரை இறங்கும். அதற்குப் பிறகு விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா என்றுதான் பேச்சு வரும். மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, அங்கே போனால் போதும். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். வகுப்பு சரியா தப்பா என்ற விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் சாப்பாட்டின் மீதும் உடம்பின் மீதும் அதிகாரம் செலுத்துகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அரசாணையிலும் டெண்டரிலும் விலைப் பட்டியலிலும் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. அதை 'ரகசியக் கூட்டம்' என்று சொன்ன மாத்திரத்தில், கேள்வி கேட்க ஆளும் இல்லாமல் முகவரியும் இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் அப்பாவின் வகுப்பில் எனக்கு ஆகாத விஷயம் இதுதான்.

உங்கள் அவநம்பிக்கை நியாயமானது. அது வாட்ஸ்அப்பில் வந்ததில்லை, அனுபவித்து வந்தது. அந்த அனுபவத்தை உங்கள் அம்மா ஊர்ப் பக்கத்து மக்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சொன்னஞ்சாவடி என்று உப்பனாற்றின் கரையில் இருக்கும் ஊர்கள் பல வருடம் மனு கொடுத்தும் பயனில்லை. நாற்றம் ராத்திரியில் வரும், அதிகாரி பகலில் வருவார். 2004-ல் ஊர்க்காரர்களே காற்றைப் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வேதிப்பொருள் ஒட்டாத ஒரு தனி வகைப் பை, வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன பம்ப். வாளிக்குள் காற்று குறையக் குறைய வெளிக்காற்று பைக்குள் வந்து நிரம்பும். நாற்றம் வந்த நேரம் என்ன, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, அழுகிய முட்டை வாடையா, நகப்பூச்சு வாடையா என்று குறித்துவைத்தார்கள். பைகள் அமெரிக்காவில் இருந்த ஆய்வகத்துக்குப் போயின. 20-க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருப்பது தெரிந்தது. அவற்றில் புற்றுநோயை உண்டாக்குபவையும் இருந்தன. அபாயகரமான கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த குழு வரை விஷயம் போனது. எந்தக் காற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்த நாட்டில் அளவுகோலே போதுமானதாக இல்லை என்ற பேச்சு அதன் பிறகுதான் சூடுபிடித்தது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று அதற்குப் பிறகு யாராலும் வாய் கூசாமல் சொல்ல முடியவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் அரசை நம்பவில்லை. நம்பாததால்தான் அளந்தார்கள். உங்கள் அப்பாவின் வகுப்பும் அரசை நம்பவில்லை, ஆனால் எதையும் அளக்கவும் இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு ஒரே ஒரு முறையாவது அவருடைய சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

ரேஷன் அரிசிக்கு வருகிறேன். தண்ணீரில் ஊறவைத்தால் சில அரிசி மட்டும் மிதக்கிறது, நிறமும் கொஞ்சம் மாறி இருக்கிறது. உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவத்தில் வெட்டி எடுக்கிறார்கள். நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு என்று கலக்கிறார்கள். பிழிந்து எடுத்ததால் அடர்த்தி குறைவு, அதனால் மிதக்கிறது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று இதற்குப் பெயர். இதை ரேஷனில் தரப்போவதாக 2021 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்தார். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதை 2028 டிசம்பர் வரை தொடர 17,082 கோடி ரூபாய் ஒதுக்கியது. எல்லாமே செய்தித்தாளில் வந்த சங்கதி.

பிளாஸ்டிக் என்ற பேச்சு என்ன செய்தது பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அது விழுங்கிவிட்டது. ரத்தசோகையைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம். ஆனால் அரிசியில் இரும்புச்சத்து சேர்ப்பதைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, ரத்தசோகையில் பெரிய மாற்றம் வராமல் போகலாம் என்று 2019-லேயே சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து நாடு முழுவதற்குமான அறிவிப்பு வருகிறது. ஏன்? தலசீமியா, அரிவாள் செல் சோகை இரண்டும் பரம்பரையாக வரும் ரத்த நோய்கள். தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை 2018-ல் வந்த உணவுச் செறிவூட்டல் விதிகளே கேட்டன. மூட்டையில் அச்சடித்த எச்சரிக்கை, எடை போட்டுப் பையில் கொட்டி வாங்கிப்போகும் பாட்டியின் கண்ணில் எப்படிப் பட்டிருக்கும்? இதை வைத்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. கடையில் காசு கொடுத்துப் பொன்னி வாங்கும் எனக்கு இந்த அரிசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வழி இருக்கிறது. ரேஷனை மட்டுமே நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. ஏழையின் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை அவரைக் கேட்காமல் தீர்மானிப்பதுதான் அதிகாரம். அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

நான் இருக்கும் புதுச்சேரியில் இது இன்னும் பட்டவர்த்தனமாக நடந்தது. 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்று ஆரம்பித்தார்கள். பணமா அரிசியா என்று துணைநிலை ஆளுநருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கும் நடந்த இழுபறி ஊருக்கே தெரியும். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. பணம் வந்தால் அது நேராகச் சாராயக்கடைக்குப் போகிறது, அரிசியாகக் கொடுத்தால் அடுப்புக்காவது வரும் என்று பெண்கள் சாலையில் நின்று சொன்னார்கள். 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடைகள் மறுபடி திறந்தன. இத்தனை வருடம் ஒரு ஊரின் சோற்றை ஒரு கோப்பு தடுத்து வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் எல்லாம் பதிவில் இருக்கிறது.

அப்பா நிறுத்திய மாத்திரையின் கதையை அவரிடமே சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். மெட்பார்மினின் வேர் ஒரு மூலிகையில் இருக்கிறது. ஐரோப்பாவில் நாட்டு மருத்துவத்தில் புழங்கிய காலிகா என்ற செடி அது. அதிலிருந்த ஒரு பொருளின் வழியில் போய், அதைவிடப் பாதுகாப்பான மருந்தாக 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காப்புரிமையெல்லாம் எப்போதோ முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கொள்ளை லாபம் பார்க்க இந்த மாத்திரையில் வழியே இல்லை. மாதம் 3,500 ரூபாய் உங்கள் வீட்டிலிருந்து எங்கே போகிறது என்பதை அவர் யோசிக்கட்டும். சித்த மருந்து தயாரித்து விற்பதற்கும் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்தப் பொடி பாக்கெட்டில் உரிம எண் இருக்கிறதா, தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் அரசு தலைமை மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு உண்டு, படித்த மருத்துவர் உண்டு. இரண்டு மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டுச் செய்யட்டும்.

மருந்து, மருத்துவக் கருவி வியாபாரத்தில் கொள்ளை இல்லை என்று நான் சொல்லவில்லை. இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒன்று லட்சம் ரூபாய்க்கும் மேலே விற்ற காலம் உண்டு. தில்லியில் ஒரு வழக்கறிஞர் அதற்கு ஏன் விலை வரம்பு இல்லை என்று கேட்டு நீதிமன்றம் போனார். 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு விதித்தது: சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். ஒரு மனுவின் வேலை அது.

நிஜமாகவே மறைத்துச் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1842-லிருந்து நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை ஓடும் மாவட்டம் நம்முடையது, அதனால் இது நமக்கு நெருக்கமான செய்தி. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குக் காரணம் கொழுப்புதான், சர்க்கரையைக் குறை சொல்ல வேண்டாம் என்ற தொனியில் அது 1967-ல் பெயர்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பணம் யார் கொடுத்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 2016-ல்தான் இது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் கிறிஸ்டின் கெர்ன்ஸ் என்ற பல் மருத்துவர். நூலகப் பெட்டிகளில் கிடந்த பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து தேதியோடும் தொகையோடும் வெளியிட்டார். இப்படி ஒரு காகிதத்தை, ஒரு தேதியை, ஒரு தொகையை அந்த வகுப்பில் காட்டினால் நானும் வந்து கேட்கிறேன்.

வள்ளலாரை அவர்கள் இழுத்தது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அவர் போற்றியது உண்மை. நான் வாரம் தவறாமல் சமைக்கிறேன். ஆனால் 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, வருகிறவர் எவரானாலும் காசில்லாமல் சோறு. பசியைத்தான் அவர் பெரிய பிணியாகப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லிப் பொடி விற்பதற்கும் அந்த அடுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பற்றி அந்த வகுப்பில் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. தீட்டிய அரிசியைக் குறை, கேழ்வரகும் கம்பும் சேர், கீரை தினமும் வேண்டும், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. டாக்டரும் இதையேதான் சொல்வார், சொல்ல அவருக்கு நேரம் இருந்தால். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பில் உங்கள் அப்பாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் அங்கே போனதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதனால் மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லும்போது சமையலை மாற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, அளவு முக்கியம் என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேழ்வரகு என்றதும் விலை நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு ரேஷனில் 2011-லிருந்து அரிசி இலவசம். கேழ்வரகைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். சர்க்கரை உள்ள ஒரு கூலித் தொழிலாளி எதைச் சாப்பிடுவார்? நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-லிருந்து அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கேழ்வரகு தருகிறார்கள். கடலூருக்கு ஏன் தரக்கூடாது? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் ரேஷன் கடைக்கு அரிசி எந்த ஆலையிலிருந்து வருகிறது, கலவையைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு என்ன, தலசீமியா உள்ளவர்களுக்கு மாற்று அரிசி உண்டா என்று நான்கு கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. மனுவை நான் எழுதித் தருகிறேன். அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா