அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றுமா?

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் நீர் பிரியும் மருந்தும் உண்டு. நெஞ்செரிச்சலுக்காக மூன்று மாதமாகத் தினமும் இரண்டு வேளை அதிமதுரப் பொடியும், மூட்டுவலிக்கு மஞ்சள்-மிளகு கேப்சூலும் எடுக்கிறேன். இப்போது அழுத்தம் 160/100. கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லவில்லை. இவை காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். என் சந்தேகம் முதலில் அதிமதுரத்தின் மேல்தான். அதற்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்புறம் கார்டிசால், உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையைச் செய்ய ஆரம்பிக்கும்: உப்பும் நீரும் உடம்பில் தங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். நீர் பிரியும் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்பு வருவதில் ஆச்சரியமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003இல், நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்றது. வேரில் அது 4 சதவீதம் இருந்தாலே 5 கிராம் பொடியில் 200 மில்லிகிராம் ஆகிவிடும். எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவிலும் பெரும்பாலும் போட்டிருக்காது.

மூலிகைதானே என்கிறீர்கள். செடிகள் இத்தகைய பொருள்களில் பலவற்றைத் தம்மைத் தின்ன வருபவற்றை விரட்டத்தான் செய்கின்றன, நமக்கு வைத்தியம் பார்க்க அல்ல! 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது.

சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேப்சூல் வேறு. மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் ரத்தத்தில் சேரும் அளவைப் பல மடங்கு கூட்டுகிறது. இத்தகைய கேப்சூலால் அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. வேறு சில மருந்துகளின் அளவையும் பைப்பரின் ஏற்றிவிடும்.

சரி, இன்றே இரண்டையும் நிறுத்துங்கள். அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஓரிரு நாளில் உங்கள் டாக்டரைப் பார்த்து, டப்பாக்களையும் காட்டி, பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அதிமதுரத்தின் விளைவு அடங்க இரண்டு வாரம்கூட ஆகலாம். நெஞ்செரிச்சலுக்கு அவரிடமே வேறு மருந்து கேளுங்கள். நெஞ்சு படபடத்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.