வலிக்காத கொப்புளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

சர்க்கரையால் அப்பாவுக்குக் காலை எடுத்தார்கள், எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதே கவனித்தால் பெரும்பாலும் அப்படி ஆகாது. ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலில் நடந்து வந்து பத்து நாளாகிறது. முன்பாதத்தில் வந்த கொப்புளம் உடைந்து இன்னும் ஆறவில்லை. "நல்லவேளை, வலியே இல்லை" என்கிறீர்கள். தார் ரோட்டில் சூடுபட்டு உரிந்த தோல் வலித்தே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்றால், பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். கால் எடுப்பதில் போய் முடிவது பெரும்பாலும் இப்படி உறுத்தாமல் கிடக்கும் ஒரு சின்னப் புண்தான்.

மருத்துவரிடம் போனால், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கத் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுப்பார். 10 கிராம் அழுத்தத்தில் அது வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பாதத்தில் நாடித்துடிப்பையும் பார்ப்பார்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறீர்களாமே, தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அப்படி வெந்துபோன பாதங்களோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான துணிக்கட்டுப் போட்டால் போதும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். காலை நுழைக்கும் முன் செருப்பைத் தட்டிப் பாருங்கள், உள்ளே கல் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கறுத்த நகத்தை இணையத்தில் தேடிப் புற்றுநோய் வரை போய்விட்டீர்கள். நடையில் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னால் நகர்ந்து போகும். கட்டைவிரலில் ஒரு வருடம் ஆகலாம். நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அப்போது காட்டுங்கள். படி இறங்கும்போது வலிக்கும் முழங்கால், ஓய்வு கொடுத்தால் சில வாரத்தில் சரியாகும். அதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது கெடுதல்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், பாதம் வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இது எதுவும் இல்லையென்றால் நாளைக் காலை போகலாம். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.